பிப்பாவைப் பற்றி எட்டு வரிகள்

அத்தியாயம் 17

சனிக்கிழமை காலை, நெட்பால் மைதானத்துக் கேன்டீனில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவும் வேலை மெரிடித்துக்கு. பேசத் தேவையில்லாத வேலை. அதனால்தான் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

ஜூன் கடைசி, அங்கே குளிர்காலம். கடல் பக்கமிருந்து வந்த காற்று தகரக் கூரையைத் தட்டிக்கொண்டே இருந்தது. மைதானத்துக்கு அப்பால் உருளைக்கிழங்கு தோண்டிய வயல்கள் சிவப்பாக ஈரமாகக் கிடந்தன. பிள்ளைகள் தொடையெல்லாம் சிலிர்க்கக் குட்டைப் பாவாடையில் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

புதன்கிழமை மாலை நடந்ததை மெரிடித்தால் இன்னும் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

அவள் ஸ்டோனி பாயிண்ட் பள்ளியில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. அந்தப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு ஒன்றுதான். அதனால் அக்கா ரொவீனாவின் மகள் பிப்பாவும் அவளிடம்தான் படிக்கிறாள். பள்ளியில் 'மிஸ்', வீட்டில் 'ஆன்ட்டி மெர்'. பிப்பா ஒருநாளும் இரண்டையும் குழப்பியதில்லை.

புதன்கிழமை அரையாண்டு ரிப்போர்ட் வீட்டுக்குப் போனது. ரொவீனாவுக்கு நீளமாக எதையும் வாசிப்பதென்றால் ஆகாது. "எழுதினவளே வாசி" என்று தங்கையிடம் நீட்டினாள். மெரிடித் சமையலறை மேசையில் உட்கார்ந்து உரக்க வாசித்தாள். பிப்பாவைப் பற்றி எட்டு வரிகள். ஐந்தாவது வரிக்கு வந்ததும் நிறுத்தினாள். ஒருமுறை செருமிவிட்டுத் தொடர்ந்தாள். யாரும் கவனிக்கவில்லை. வாசித்து முடித்ததும் அக்கா தங்கையின் அப்பா டெஸ் எழுந்து நின்று கைதட்டினார். ரொவீனா கண்ணைத் துடைத்துக்கொண்டு, காகிதத்தைக் குளிர்பெட்டிக் கதவில் உருளைக்கிழங்கு வடிவக் காந்தத்தால் ஒட்டினாள்.

தான் கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட்டில் என்ன இருக்கிறது என்பது மெரிடித்துக்கே அந்த மேசையில்தான் தெரிந்தது.

ஒவ்வொரு ஜூனிலும் ரிப்போர்ட் எழுதுவதில் வார இறுதிகள் காணாமல் போகும். இந்த ஆண்டு பள்ளியில் ஒரு பயிற்சி வகுப்பு வைத்தார்கள். வந்திருந்த பெண் சிரித்த முகத்தோடு, செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் குறிப்புகளைக் கொடுத்து முதல் வரைவை வாங்குவது எப்படி என்று காட்டினாள். இரண்டு விதிகள் சொன்னாள். பிள்ளைகளின் பெயரைக் கொடுக்காதீர்கள். வந்ததை முழுதாக வாசிக்காமல் அனுப்பாதீர்கள்.

முதல் விதியை மெரிடித் அப்படியே காப்பாற்றினாள். பெயருக்குப் பதில் ஒற்றை எழுத்து மட்டும்.

மாதக்கணக்கில் தன் போனில் தானே எழுதி வைத்திருந்த குறிப்புகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக அந்தக் கருவிக்குள் போட்டாள். கல்வித் துறை சொல்லியிருந்த அறிவுரையையும் சேர்த்தாள். குறைகளைக் குறைகளாகச் சொல்லாமல் வளர்ச்சியாகச் சொல், பெற்றோர் மனம் நோகாமல் ஊக்கமாக எழுது, ஒவ்வொருவருக்கும் எட்டு வரி. தேநீர் ஆறுவதற்குள் வகுப்பு முழுவதும் வந்துவிட்டது. முதல் மூன்றை வரி வரியாக வாசித்தாள். அவளால் அவ்வளவு அழகாக எழுத முடியாது. அதற்குப் பிறகு வாசிக்கவில்லை, பார்த்தாள். எட்டு வரி இருக்கிறதா, ஒற்றை எழுத்து சரியான பிள்ளையினுடையதா என்று பார்த்து அங்கே பெயரைப் போட்டாள், அவ்வளவுதான்.

அன்று மாலை கடற்கரையில் நடக்கப் போனாள். சந்தோஷமாக இருந்தாள். அந்த நடை நினைவுக்கு வந்தால் இப்போது முகம் சுடுகிறது.

பிப்பாவைப் பற்றி அவளுடைய குறிப்பு இப்படி இருந்தது: 'வாசிப்பதில்லை. கேட்டதை மனப்பாடமாகச் சொல்கிறாள். எழுத்துகள் இடம் மாறுகின்றன. மாட்டிக்கொண்டால் கோமாளித்தனம் செய்து தப்பிக்கிறாள். டிஸ்லெக்சியாவா என்று பார்க்க வேண்டும். தள்ளிப்போடக் கூடாது.'

அதிலிருந்து வந்த ஐந்தாவது வரி இது: 'பிப்பா நாளுக்கு நாள் கூடுதல் நம்பிக்கையுடன் வாசித்து வருகிறாள், கதைகளை நினைவில் வைத்துச் சொல்வதில் தனித் திறமை காட்டுகிறாள்.'

பொய் என்று சொல்ல முடியாது. உண்மை என்றும் சொல்ல முடியாது.

"மெர், உன்னைப் பார்த்தா ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன்."

நரெல் பூசணி சூப்பைக் கிளறிக்கொண்டே திரும்பினாள். கிளப்பின் செயலாளர். சாதாரணமாகப் பேசினாலே மைதானத்தின் மறுகோடிக்குக் கேட்கும்.

"எங்க ஆஷ்லினோட ரிப்போர்ட்டைப் படிச்சேன். வேற யார் பிள்ளையோட ரிப்போர்ட்டோ தப்பி எங்க வீட்டுக்கு வந்துடுச்சுன்னு நினைச்சேன்."

மெரிடித் சிரிக்க முயன்றாள். "நல்லாத்தானே படிக்கிறா."

"கணக்கு நல்லா போடுவா, ஒத்துக்கறேன். ஆனா அந்தக் கடைசி வரி. 'புத்தகங்களோடு அவளுக்குள்ள உறவு பார்க்க இனிமையானது.' எங்க வீட்டுல ஒரே ஒரு புத்தகத்தோடதான் அவளுக்கு உறவு. அதைக் கோழிக்கூண்டுக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருக்கா."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். யாரோ, "கோழி படிக்குதோ என்னவோ" என்றார்.

"அந்த வரி பிப்புக்கும் இருக்கே."

சொன்னது ரொவீனா. ஆரஞ்சுப் பழப் பையோடு கதவருகே வந்து நின்றிருந்தாள். பிப்பாவின் அணிக்கு அவள்தான் பயிற்சியாளர். இடைவேளைக்குப் பிள்ளைகளுக்கு ஆரஞ்சு நறுக்கிக் கொடுக்கும் முறையும் இந்த வாரம் அவளுடையது.

"எந்த வரி?" என்றாள் நரெல்.

"புத்தகத்தோட உறவு. கடைசி வரி. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

நரெல் கரண்டியைப் பானையிலேயே விட்டாள். பிறகு நரெல் பெரிதாகச் சிரித்தாள்.

"மெர், அப்படின்னா ஊருக்கே ஒரே ரிப்போர்ட்டா அடிச்சு எல்லார் தபால் பெட்டியிலயும் போட்டிருக்கலாமே. எங்க வீட்டுக்காரருக்கும் ஒண்ணு குடு. 'இவருக்கும் சோபாவுக்கும் உள்ள உறவு பார்க்க இனிமையானது.'"

எல்லாரும் சிரித்தார்கள். ரொவீனாவும் சிரித்தாள். தலையைப் பின்னுக்குச் சாய்த்து, தேவைக்கு மேல் சத்தமாக. அந்தச் சிரிப்பை மெரிடித் தினமும் வகுப்பில் பார்க்கிறாள், மூன்றாவது வரிசையில், பிப்பாவின் மேசையில்.

"நல்ல வரின்னா ரெண்டு பேருக்குப் போட்டா என்ன கெட்டுப்போச்சு," என்றாள் ரொவீனா. பையை மேசைமேல் வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "எனக்கு அந்த ரிப்போர்ட்டுல எவ்வளவு பாரம் இறங்கிச்சு தெரியுமா மெர்? வியாழக்கிழமையே லான்செஸ்டனுக்குப் போன் பண்ணிட்டேன்."

"எதுக்கு?"

"அந்த டெஸ்டுக்குத்தான். வேண்டாம்னுட்டேன். வேற பிள்ளைக்குக் குடுங்கன்னு சொன்னேன். பாவம், எத்தனை பேர் காத்துக்கிட்டிருக்காங்க. நம்ம பிள்ளைதான் நம்பிக்கையா வாசிக்கிறாளே."

மெரிடித்தின் கத்தி வெண்ணெயில் நின்றது.

அந்த டிஸ்லெக்சியாப் பரிசோதனைக்கு, லான்செஸ்டன் நகரத்து மையத்தில், போன வசந்தத்திலேயே பெயர் கொடுத்திருந்தார்கள். ரொவீனாவைப் பெயர் கொடுக்க வைத்தவளே மெரிடித்தான். கெஞ்சினாள், சண்டை போட்டாள், ஒருநாள் பேசாமல்கூட இருந்தாள். வரிசை மெல்ல நகர்ந்து, அடுத்த மாதம் என்று தேதி வந்திருந்தது.

"ரோ," என்றாள்.

"ரெண்டு மீட் பை, ஒண்ணுல சாஸ் நிறைய," என்றார் வரிசையில் முன்னால் நின்றவர்.

மெரிடித் திரும்பி சூடான இறைச்சிப் பலகாரம் இரண்டை எடுத்துக் கொடுத்தாள். கொடுக்கும்போது அந்த மனிதருக்கு மனசுக்குள் நன்றி சொன்னாள். பிறகுதான் அந்த நன்றி எதற்கு என்று அவளுக்கே உறைத்தது. திரும்பிப் பார்த்தபோது ரொவீனா பிள்ளைகளைக் கூப்பிடப் போயிருந்தாள்.

அன்று புது எழுத்துப் பட்டைகள் வந்திருந்தன. நெட்பாலில் ஒவ்வொருத்தியும் தன் இடத்துக்கான எழுத்தை மார்பில் மாட்டிக்கொள்ள வேண்டும். ஜி.ஏ. என்றால் கோல் போடுகிறவள். ஜி.டி. என்றால் தடுக்கிறவள், எதிரணியின் கோல் பக்கம் அவள் போகவே கூடாது. பழைய பட்டைகள் நைந்து போனதால், யாரோ ஒரு லாரி முதலாளி இரக்கப்பட்டு வாங்கிக் கொடுத்திருந்தார். ஊதா நிறம், பளபளவென்று, எல்லாம் ஒன்றுபோல.

ரொவீனா அவற்றைப் பெஞ்சின்மேல் கொட்டினாள். "அவங்கவங்களோடதை எடுத்துக்கோங்க. சீக்கிரம், குளிருது."

மெரிடித் கேன்டீன் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிப்பா ஒரு பட்டையை எடுத்தாள். எழுத்தைப் பார்க்கவில்லை. கீழ் ஓரத்தைப் பார்த்தாள். திருப்பி மறு ஓரத்தைப் பார்த்தாள். கீழே வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தாள். அதன் ஓரத்தையும் பார்த்தாள்.

எதைத் தேடுகிறாள் என்று மெரிடித்துக்குப் புரிய ஒரு மூச்சு நேரம் ஆனது. பழைய ஜி.ஏ. பட்டையின் கீழ் ஓரத்தில் ஒரு சாஸ் கறை இருந்தது. துவைத்தாலும் போகாத கறை. இரண்டு வருடமாகப் பிப்பா அந்தக் கறையைத்தான் வாசித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

போய்ச் சொல்லலாம். ஓடினால் அரை நிமிடம். ஆனால் என்னவென்று சொல்வது, எல்லார் முன்னாலும்? கையில் வெண்ணெய்க் கத்தியோடு அவள் நின்றுகொண்டே இருந்தாள். விசில் ஊதிவிட்டது.

பிப்பா நன்றாக ஓடுவாள். பந்தை வாங்கி, இருவரைத் தாண்டி, கோல் வட்டத்துக்குள் நுழைந்து கையை உயர்த்தினாள். மறுபடி விசில்.

"ஆஃப்சைட்," என்றாள் நடுவராக நின்ற பெண். "ஜி.டி. இங்க வரக்கூடாது."

பிப்பா தன் மார்பைக் குனிந்து பார்த்தாள்.

"அது என்னோடது," என்று மறுகோடியிலிருந்து ஆஷ்லின் கத்தினாள். "என்கிட்ட இருக்கறதுதான் பிப்போடது. அவசரத்துல மாட்டிட்டேன்."

எட்டு வயதுப் பிள்ளைகள். எல்லாரும் பிப்பாவைப் பார்த்தார்கள். பிப்பா எல்லாரையும் பார்த்தாள். பிறகு பட்டையைக் கழற்றித் தலையில் மாட்டிக்கொண்டு, ராணியைப் போல ஒரு சுற்றுச் சுற்றிக் குனிந்து வணக்கம் வைத்தாள்.

மைதானமே சிரித்தது. மடக்கு நாற்காலியில் கம்பளியைப் போர்த்தி உட்கார்ந்திருந்த அப்பா டெஸ், "எங்க பிப்புக்கு மைதானம் முழுக்கச் சொந்தம், நீங்க கோடு போட்டா அவ நிப்பாளா?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

ரொவீனா சிரிக்கவில்லை. மைதானத்துக்குள் நடந்து போனாள். மகளின் தலையிலிருந்து பட்டையை எடுத்தாள். ஆஷ்லினுடைய பட்டையை வாங்கி மாட்டிவிட்டாள். எழுத்தின்மேல் ஒருமுறை கையை வைத்து அழுத்தினாள். பிறகு தலையைத் திருப்பி நேராகக் கேன்டீன் ஜன்னலைப் பார்த்தாள்.

மெரிடித் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

இடைவேளையில் கேன்டீனுக்குப் பின்னால், எரிவாயு உருளைகள் வைத்திருக்கும் இடத்துக்கு ரொவீனா வந்தாள். கையெல்லாம் ஆரஞ்சுச் சாறு.

"பார்த்தியா?"

"பார்த்தேன்."

"எழுத்து மாறிப் போச்சு, அவ்வளவுதானே? புதுப் பட்டை. குளிரு. யாருக்கும் வரும். சொல்லு, நீ டீச்சர்."

வழி விட்டுக் கொடுக்கிறாள் அக்கா. ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். புதன்கிழமையும் அப்படித்தான் ஒரு வழி திறந்திருந்தது. அதில்தான் நடந்து போனாள்.

"இல்ல ரோ," என்றாள் மெரிடித். "அவளுக்கு வாசிக்கத் தெரியல. அந்த ரிப்போர்ட்டை நான் எழுதல."

"உன் கையெழுத்து இருக்கே."

"கையெழுத்து என்னோடது. குறிப்பு என்னோடது. அதை ஏஐ-கிட்ட குடுத்தேன், எழுதித் தரச் சொல்லி. நல்லவிதமா எழுதுன்னு நான்தான் சொன்னேன். அது நல்லவிதமா எழுதிடுச்சு. நான் வாசிக்காம அனுப்பிட்டேன்."

"வாசிக்காமன்னா?"

"வாசிக்காம."

ரொவீனா சுவரில் சாய்ந்தாள். "புதன்கிழமை எங்க வீட்டுல உக்காந்து வாசிச்சியே."

"அதுதான் முதல் தடவை."

உள்ளே நரெல் யாரையோ சில்லறை கேட்டுத் திட்டிக்கொண்டிருந்தாள்.

"அப்ப வாசிக்கும்போதே உனக்குத் தெரியும்," என்றாள் ரொவீனா. "நான் அழுதேன். அப்பா எழுந்து நின்னு கைதட்டினாரு. நீ பார்த்துக்கிட்டு இருந்த."

"ஆமா."

"ஏண்டி?"

நியாயமான கேள்வி. மெரிடித் இந்த மூன்று நாளும் அதற்கான பதிலைத் தேடிக்கொண்டிருந்தாள். நேரமில்லை, அசதி, துறையின் விதி, எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்துக் கீழே வைத்துவிட்டாள்.

"எல்லாரும் அவ்வளவு சந்தோஷமா இருந்தீங்க," என்றாள். "என்னையும் எல்லாரும் அப்படிப் பார்த்தீங்க. அப்பா என்னைப் பார்த்துக் கைதட்டினாரு. அதை விட மனசு வரல."

ரொவீனா தன் கையைப் பார்த்தாள். சாறு காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஸ்கூல்ல எனக்கு என்ன எழுதுவாங்க ஞாபகம் இருக்கா? 'ரொவீனா வகுப்பில் இருப்பதே எங்களுக்கு மகிழ்ச்சி.' வருஷா வருஷம். அம்மா அதையெல்லாம் அலமாரியில வச்சிருந்தா. மகிழ்ச்சியா இருந்தேன் மெர், எல்லாருக்கும் ரொம்ப மகிழ்ச்சியா. இன்னிக்கு நான் வேலை செய்யற வெங்காயக் கூடத்துல பாதுகாப்பு அறிவிப்பு ஒட்டினா, பக்கத்துல நிக்கறவகிட்ட கண்ணாடி கொண்டு வரலன்னு சொல்றேன். எனக்குக் கண்ணாடியே கிடையாது."

மெரிடித்துக்கு இது தெரியும். குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் ரொவீனா வாயால் கேட்டது இதுதான் முதல் முறை.

"அந்த டீச்சருங்க எல்லாம் வேத்து ஆளுங்க," என்றாள் ரொவீனா. "என் மக உன்கிட்ட படிக்கிறான்னு நான் எவ்வளவு நிம்மதியா இருந்தேன் தெரியுமா? உன்கிட்டேர்ந்து தப்பிக்க முடியாதுன்னு இருந்தேன்."

"திங்கட்கிழமை லான்செஸ்டன்ல திறந்ததும் நான் போன் பண்றேன். நடந்ததைச் சொல்றேன். அந்த இடம் இன்னும்..."

"நான் பண்றேன். வேண்டாம்னு சொன்னவ நான். நீ பக்கத்துல நில்லு." ரொவீனா நிமிர்ந்தாள். "உன் குறிப்புல என்ன எழுதின? நிஜமா எழுதினது."

மெரிடித் பையிலிருந்து போனை எடுத்தாள்.

"வாசிக்காதே. சொல்லு."

மெரிடித் சொன்னாள். வாசிப்பதில்லை என்று. மனப்பாடம் என்று. கோமாளித்தனம் என்று. தள்ளிப்போடக் கூடாது என்று. ஒவ்வொன்றுக்கும் ரொவீனா தலையை ஆட்டிக்கொண்டே வந்தாள், முன்பே தெரிந்த ஊருக்கு யாரோ வழி சொல்வதைக் கேட்பதுபோல.

"இதுல என்ன தப்பு?" என்றாள் முடிவில். "இது நாலே வரிதான். இதை அனுப்பியிருக்கலாமே."

மெரிடித் போனை மறுபடி பைக்குள் வைத்தாள்.

"மத்தியானம் வீட்டுக்கு வா. அந்தக் காகிதத்தை நீயே எடு. பிப்புகிட்டயும் நீயே சொல்லு. நான் சொல்ல மாட்டேன். நீ வாசிச்ச, நீ சொல்லு."

இரண்டாம் பாதி ஆட்டத்தில் பிப்பா நாலு கோல் போட்டாளாம். மெரிடித் பார்க்கவில்லை. தொட்டியில் சூப் பானையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நரெல் அருகில் வந்து துண்டை எடுத்தாள்.

"சும்மா கிண்டலுக்குத்தான் சொன்னேன், மனசுல வச்சுக்காதே."

"இல்ல, நீ சரியாத்தான் சொன்ன," என்றாள் மெரிடித்.

நரெல் தட்டைத் துடைப்பதை நிறுத்தினாள். "அப்படின்னா? ஆஷ்லினுக்கும் நீ எழுதலையா?"

மெரிடித் அவளைப் பார்த்தாள். இனி யாரிடமும் மறைக்கத் தெம்பில்லை. "எழுதல. திங்கட்கிழமை சொல்றேன், எல்லார்கிட்டயும்."

நரெலின் முகத்தில் சிரிப்பு மெதுவாக இறங்கியது. அவள் கத்தவில்லை. தட்டை வைத்துவிட்டு, "அவ கணக்கு நல்லா போடறான்னு எழுதியிருந்ததே, அது?" என்று கேட்டாள். "அந்த ஒண்ணு நிஜமாயிருந்தா நல்லாயிருக்கும்."

"அது நிஜம்."

"நீதான் சொல்ற," என்றாள் நரெல்.

அந்த இரண்டு வார்த்தைகள் மெரிடித்தோடு காரில் ஏறிக்கொண்டன.

ரொவீனாவின் வீட்டு வாசலில் காரை நிறுத்தும்போது போன் அதிர்ந்தது. தலைமையாசிரியர் கிரேம். 'நரெல் ஒரு விஷயம் சொன்னார். திங்கள் வரை காத்திருக்க முடியாது. இன்றே பேச வேண்டும்.' மெரிடித் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள்.

சமையலறையில் ரொவீனா குழாயடியில் கேரட் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. அப்பா டெஸ் மேசையில் தேநீரோடு உட்கார்ந்திருந்தார். பிப்பா குளிர்பெட்டிக்கு முன்னால் ஒரு முக்காலிமேல் நின்றுகொண்டிருந்தாள், இன்னும் விளையாட்டு உடையில்.

"சரியான நேரத்துக்கு வந்த," என்றார் டெஸ், முகமெல்லாம் மலர. "வா, உக்காரு. அந்த ரிப்போர்ட்டை அவளே வாசிக்கிறா. தாத்தாவுக்கு வாசிச்சுக் காட்டறேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. மறுபடி முதல்லேர்ந்து வாசி பிப், உங்க டீச்சர் கேக்கட்டும்."

பிப்பா திரும்பி மெரிடித்தைப் பார்த்தாள். ஒரு கணம் தயங்கினாள். பிறகு காகிதத்தின்மேல் விரலை வைத்தாள்.

"பிப்பா தன் வகுப்புத் தோழர்களிடம் அன்பும் அக்கறையும் காட்டுகிறாள்," என்று தொடங்கினாள்.

ஒரு சொல் தப்பவில்லை. இரண்டாவது வரி, மூன்றாவது வரி. குரல் ஏறும் இடத்தில் ஏறியது, இறங்கும் இடத்தில் இறங்கியது. அது பிப்பாவின் குரல்தான், ஆனால் ஏற்ற இறக்கம் மெரிடித்துடையது. விரல் மட்டும் வேறு எங்கோ ஊர்ந்துகொண்டிருந்தது. வருகைப் பதிவு அச்சிட்டிருந்த கட்டத்தின் வழியாக, பள்ளி முகவரியின் வழியாக.

நான்காவது வரி முடிந்தது. பிப்பா நிறுத்தினாள்.

ஒருமுறை செருமினாள்.

"பிப்பா நாளுக்கு நாள் கூடுதல் நம்பிக்கையுடன் வாசித்து வருகிறாள்," என்றாள்.

யாரும் கவனிக்கவில்லை என்று மெரிடித் நினைத்திருந்தாள்.

டெஸ் சிரித்துக்கொண்டே மேசையைத் தட்டினார். குழாயடியில் ரொவீனாவின் கைகள் நின்றிருந்தன. தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பிப்பா எட்டாவது வரியையும் சொல்லி முடித்து, முக்காலிமேல் நின்றபடியே குனிந்து வணக்கம் வைத்தாள்.

மெரிடித் நாற்காலியில் உட்காரவில்லை. முக்காலிக்கு அருகே போனாள். காந்தத்தை எடுத்தாள். காகிதம் அவள் கைக்கு வந்தது.

"பிப்," என்றாள். "இதை எழுதினது நான் இல்ல."

"கீழ உன் பேரு இருக்கே ஆன்ட்டி மெர். கிறுக்கலா இருக்கும், அது எனக்குத் தெரியும்."

"பேர் நான்தான் போட்டேன். அது என் தப்பு. வாசிக்காம போட்டுட்டேன்." பிள்ளையின் முகத்துக்கு நேராகத் தன் முகம் இருப்பதை உணர்ந்தாள். முக்காலியால் இருவரும் ஒரே உயரத்தில் இருந்தார்கள். கண்ணைத் தாழ்த்தக் கூடாது என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். "இதுல இருக்கறது உன்னைப் பத்தி இல்ல பிப். நீ எப்படின்னு எனக்குத் தெரியும். நான் அதை எழுதியிருக்கணும்."

டெஸ்ஸின் கோப்பை மேசையில் பட்டு ஒலித்தது. "என்ன மெர் இது? என்ன சொல்ற?"

ரொவீனா குழாயை மூடினாள்.

பிப்பா சிரிக்கப் போகிறாள், தலையில் எதையாவது கவிழ்த்துக்கொள்ளப் போகிறாள் என்று மெரிடித் காத்திருந்தாள். பிப்பா சிரிக்கவில்லை. காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், நெற்றியைச் சுருக்கி, நிஜமாகவே வாசிக்க முயல்கிறவளைப் போல.

"அப்போ," என்று கேட்டாள், "இது யாரைப் பத்தி?"